பச்சை றிபன் கிடைக்காத தகப்பன்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. பயமே அறியாத ஆட்கள் பலரை எனக்கு ஊரில் தெரியும். அவர்களில் ஒருவர்கூட ரொறன்ரோ வந்து சேரவில்லை. ஆகவே தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கார்த்திகை மாதம் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பூசைப் புத்தகம் மாறப்போகிறது என்று அறிவித்தபோது, மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

எங்கள் பங்குக்குச் சொந்தக் கோவில் கிடையாது. ஸ்காபரோவில் ஒரு ஆங்கிலக் கோவிலை ஞாயிறு பின்னேரங்களில் இரவல் வாங்கியிருந்தோம். காலையில் ஆங்கிலப் பூசை, மத்தியானம் பிலிப்பினோக்காரர், அவர்கள் போனபின் நாங்கள். பங்குச் சுவாமியார் சவிரிமுத்து வயதானவர், மெல்லப் பேசுகிறவர்.

"திருத்தின புத்தகம் வந்திட்டுது பிள்ளையள். நான் சொல்லுற சில செபங்களும், அதுக்கு நீங்கள் சொல்லுற சில மறுமொழியளும் மாறுது. மெல்ல மெல்லப் பழகுவம்" என்று சொல்லிவிட்டு அவர் உட்காரப் போனார். அவரை உட்கார விட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் முன்வரிசையிலிருந்து வின்சன்ற் ஐயா எழும்பிவிட்டார்.

வின்சன்ற் ஐயா ஊரில் அரசாங்க அதிபரின் கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்தவர். இங்கே நகர மத்தியில் ஒரு உயரமான கட்டடத்தின் வாசலில் செக்கியூரிற்றி. வருகிறவர்களை மறித்து, யாரிடம், என்ன விஷயமாக என்று கேட்பதுதான் வேலை. நாடு மாறியும் தொழில் மாறாத ஒரே அகதி அவர்தான் என்று எங்கள் வீட்டுக்காரர் இராசரத்தினம் அண்ணை சொல்வார்.

"சகோதரங்களே, இது சின்ன மாற்றம்" என்றார் வின்சன்ற் ஐயா. "சின்ன மாற்றம் எண்டபடியால்தான் பெரிய ஒழுங்கு வேணும். பெரிய மாற்றம் எண்டால் சனம் தானாப் பயந்து ஒழுங்கா நடக்கும்."

கீழ்மண்டபத்தில் தேத்தண்ணி ஆறுவதற்குள் மறுமொழி அமுலாக்கக் குழு அமைந்துவிட்டது. தலைவர் வின்சன்ற் ஐயா. செயலாளர் கிளடிஸ் அன்ரி. பழைய மறுமொழி எது, புதியது எது என்று நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யாராவது சரிபார்ப்பார்கள். அந்த விஷயத்தில் நான் போதிய அளவு சரிபார்க்கப்பட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லோர் கையிலும் பிளாஸ்ரிக் உறை போட்ட அட்டை ஒன்று இருந்தது. புதிய மறுமொழிகள் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தன. சுவாமியார் கைகளை விரித்து எங்களை வாழ்த்தினார். நான் அட்டையைப் பார்த்தேன். அட்டை புதியதைச் சொன்னது. என் வாய் பழையதைச் சொன்னது. மற்றவர்கள் அட்டையில் இடம் தேடிக்கொண்டிருந்ததால் என் குரல் தனியாக, கணீரென்று, கோவில் முழுக்கக் கேட்டது. கிளடிஸ் அன்ரி திரும்பிப் பார்த்தார்.

இதில் என் பிழை மட்டும் இல்லை. எங்கள் சனத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. பேர் என்ன, ஊர் என்ன, எங்கே போகிறாய் என்று ஊரில் ஆமிக்காரர் சென்றியில் மறித்துக் கேட்பார்கள். அடுத்த சென்றியிலும் அதையே கேட்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில் சொன்னவன் பஸ்ஸில் ஏறினான். பதிலை மாற்றியவனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ரொறன்ரோ வந்தபின் அகதி வழக்குக்கு லோயர் சொன்னதும் அதைத்தான். "முதல் சொன்னதையே சொல்லுங்கோ. உயிர் போனாலும் மாத்தாதேங்கோ." எங்கள் பங்கில் முக்கால்வாசிப் பேர் பதிலை மாற்றாத ஒரே காரணத்தால் இந்த நாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள். ஆறு வயதில் தொடங்கி ஞாயிறு தவறாமல் சொன்ன பதிலை மாற்று என்று திடீரென்று சொன்னால் தலை சரியென்று ஆடும், நாக்கு ஆடாது.

குழு இதை வேறு விதமாக விளங்கிக்கொண்டது. "எதிர்ப்பு" என்று கிளடிஸ் அன்ரி எழுதிக்கொண்டார்.

எனக்கு இன்னொரு அவசரம் இருந்தது. அந்த ஐப்பசியில்தான் எங்கள் மகள் றோசலின் பிறந்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு நாள் கேட்டு, பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் போனேன். அவர் வாயைத் திறக்குமுன் வின்சன்ற் ஐயா இடையில் வந்து நின்றார்.

"ஞானஸ்நானத்திலை தாய் தகப்பன் மறுமொழி சொல்ல வேணும். பழைய மறுமொழி சொல்லுற தகப்பனை முன்னாலை நிறுத்தினால் அது குழந்தைக்கே அவமானம். ரெண்டு பேரும் தேர்ச்சி அடையுங்கோ. பிறகு நாள் குறிப்பம்."

நான் சுவாமியாரைப் பார்த்தேன். சுவாமியார் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

என் மனைவி அன்ரனெற் முதல் நாளே தேர்ச்சி அடைந்தாள். அவள் எதையும் ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்வாள். நான் வீட்டுக்கு வந்து, ஞானஸ்நானம் தள்ளிப் போகிறது என்று சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். 

றோசலின் எங்களுக்கு முதல் பிள்ளை இல்லை. தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எங்களுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். பாதை பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் போன சுவாமியார் திரும்பி வருவார், வந்ததும் ஞானஸ்நானம் கொடுப்போம் என்று பார்த்திருந்தோம். சுவாமியார் வருமுன் பிள்ளை போய்விட்டான். இதைப் பற்றி நானும் அன்ரனெற்றும் பேசுவதில்லை. பேசாவிட்டாலும் அவள் நித்திரையில் எழும்பி எழும்பி றோசலினின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் கண்ணை மூடிக்கொண்டு அவள் விரலை எடுக்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

மார்கழி வந்தது. குழு வளர்ந்தது. நாங்கள் உட்காரும் வாங்குகளில் இரண்டுக்கு ஒருவராகச் செவிமடுப்பாளர் நியமிக்கப்பட்டார். அவர் செபிக்கத் தேவையில்லை; பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்தால் போதும். பிறகு வாசல் சோதனை வந்தது. கோவில் கதவில் வின்சன்ற் ஐயா நிற்பார். சுவாமியாரின் வாழ்த்தை அவரே சொல்வார், நாங்கள் மறுமொழி சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு நெஞ்சில் பச்சை றிபன். பிழைத்தவருக்கு மஞ்சள் றிபன். மஞ்சள்காரர் இடப்பக்க வாங்குகளில் இருக்க வேண்டும், உதட்டை அசைக்கலாம், சத்தம் வரக்கூடாது. தை பிறந்தபோது சுவாமியாருக்கு வலப்பக்கத்தில் இரைச்சலும் இடப்பக்கத்தில் தொட்டி மீன்களும் இருந்தன.

வாசலில் வரிசை பனிக்குள் வளைந்து கார் நிறுத்துமிடம் வரை போனது. அந்தத் தையில் குளிர் என்றால் மூக்கு மயிர் விறைக்கும் குளிர். வயதானவர்கள் குளிரில் எல்லா மறுமொழியையும் மறந்தார்கள், தங்கள் பெயரையும் மறந்தார்கள். வின்சன்ற் ஐயா அவசரப்படவில்லை.

"உள்ளுக்கை சூடு இருக்குது, ஓம். அந்தச் சூடு தேர்ச்சி அடைஞ்ச ஆக்களுக்கு. வெளியிலை நிண்டால்தானே உள்ளுக்கை வாறதின்ர பெறுமதி தெரியும்" என்று விளக்கினார்.

இராசரத்தினம் அண்ணையின் கதை அந்த வாரம்தான் நடந்தது. நாங்கள் அவருடைய வீட்டின் பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்தோம். மேலே அவரும் அவர் மனைவி பேபி அக்காவும். நானும் அவரும் பிறம்ரனில் ஒரே வெயாஹவுஸில் வேலை. அவருடைய காரில்தான் போய் வருவோம். எனக்குக் கார் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்கும் அவரே கூட்டிவந்து, வெளியில் காரில் காத்திருப்பார். அன்றைக்குக் கார் ஹீற்றர் பழுது. குளிர் தாங்காமல் இறங்கிவந்து வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். என் முறை வந்தது. எனக்கு மஞ்சள். அவர் முறை வந்தது. வின்சன்ற் ஐயா வாழ்த்தைச் சொன்னார். இராசரத்தினம் அண்ணை ஒரு சொல் பிசகாமல் மறுமொழி சொன்னார். பிறம்ரன் போகும் வழியெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கியதை அவர் கேட்டுக்கொண்டு ஓட்டியவர். அவருக்கு மாற்றுவதற்குப் பழைய பதிலும் இருக்கவில்லை.

வின்சன்ற் ஐயா பச்சை றிபனைக் குத்தினார்.

"ஐயா, நான் சைவம்" என்றார் இராசரத்தினம் அண்ணை, கொஞ்சம் வெட்கத்தோடு.

"அது வேறை பிரிவு" என்றார் வின்சன்ற் ஐயா. "இஞ்சை நாங்கள் மறுமொழி மட்டுந்தான் பாக்கிறம்."

அடுத்த கிழமை அவரைச் செவிமடுப்பாளராகவும் போட்டார்கள். என் வாங்குக்கு. "பஸ்ரியன், நீ என்ன வேணுமெண்டாலும் சொல்லு, எனக்குக் காது மந்தம்" என்று என் காதுக்குள் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால் கிளடிஸ் அன்ரி இருந்தார், அவருக்குக் காது மந்தமில்லை.

சனிக்கிழமைகளில் கீழ்மண்டபத்தில் தேர்வு நடக்கும். மேசைக்குப் பின்னால் வின்சன்ற் ஐயாவும் கிளடிஸ் அன்ரியும். வின்சன்ற் ஐயா வேலைக்குப் போகும் வழியில் வருவதால் யூனிபோர்மில் இருப்பார். முதல் தேர்வில் அவர் கையை உயர்த்தி, "நில்லுங்கோ, அதிலை நிண்டு சொல்லுங்கோ" என்றார். யூனிபோர்மும் உயர்ந்த கையும் சேர்ந்து கண்ணில் பட்டதும் என் கால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. கைகளைப் பொக்கற்றிலிருந்து வெளியே எடுத்து விரித்துக் காட்டினேன். அவர் சுவாமியாரின் வாழ்த்தைச் சொன்னார்.

"பேர் பஸ்ரியன், ஊர் இளவாலை, மாமி வீட்டை போறன்" என்றேன்.

கிளடிஸ் அன்ரி அட்டையில் தேடிப் பார்த்தார். பிறகு "பிழை" என்று எழுதினார்.

இரண்டாவது தடவை அடையாள அட்டையை நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார் வின்சன்ற் ஐயா, அவருக்கும் பழக்கதோஷம்.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எதை எதையோ சொல்லி, கடைசியில், "சுவாமி, எனக்குப் பழையதுதான் வருது. வேணுமெண்டு செய்யேல்லை. பயத்திலை வருது" என்றேன்.  சுவாமியார் எங்களுக்கு இடையில் இருந்த தட்டியோடு முகத்தை ஒட்டி, "மெல்லக் கதை, மகன்" என்றார். "தனியப் பூசை வைக்கேக்கை எனக்கும் அதுதான் வருது. அந்தாளிட்டைச் சொல்லிப்போடாதை." ஒரு பங்குச் சுவாமியார் என்னிடம் பாவமன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

தை முடியும் நேரத்தில் றோசலினுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் டொக்டர், மருந்து தந்தார். ஆனால் பிள்ளை இருமும்போது அன்ரனெற்றின் முகம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பார்த்த முகமாக இருந்தது. சனிக்கிழமை மூன்றாவது தேர்வுக்குப் போனேன். மறுமொழி சொல்லப் போகவில்லை, கெஞ்சப் போனேன்.

"ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல். மனுசி நல்லாப் பயப்பிடுறாள். எங்களுக்கு முந்தியும் ஒருக்கால் இப்பிடி நடந்தது. சுவாமி ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினால் காணும். மறுமொழி நான் சொல்லமாட்டன். வாயே திறக்கமாட்டன்."

வின்சன்ற் ஐயா கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

"பஸ்ரியன், எனக்கு விளங்குது. கடவுள் எண்டால் இப்பவே ஓம் எண்டிடுவார். அவர் இரக்கம் காட்டலாம், அவருக்கு மேலை ஆக்கள் இல்லை. எனக்கு மேலை ஆக்கள் இருக்கினம். மாசியிலை ஆயர் இல்லத்திலை இருந்து மொன்சின்யோர் பாக்க வாறார். ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தால் பிறகு காய்ச்சல்காரர் எல்லாரும் வருவினம். பிறகு ஒழுங்கு எங்கை? குழந்தையைப் போர்த்திக் கவனமாப் பாருங்கோ. வாங்கோ, இப்ப ஒருக்கால் சொல்லிப் பாப்பம்."

அவர் கையை உயர்த்தினார். என் வாய் மறுபடியும் இளவாலையிலிருந்து மாமி வீட்டுக்குப் போனது.

திரும்பி வந்து பேஸ்மென்ர் படிகளில் இறங்கும்போதே ஏதோ வித்தியாசம் தெரிந்தது. அழுகைச் சத்தம் இல்லை.  ஓடிப்போய்ப் பார்த்தேன். குசினிச் சிங்குக்குப் பக்கத்தில் பேபி அக்கா றோசலினைத் துவாயில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் தலைமயிர் ஈரம். பிள்ளை பேபி அக்காவின் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்திட்டன்" என்றாள் அன்ரனெற்.

"என்னத்தை?"

"ஞானஸ்நானம். ஆபத்துக்கு ஆரும் குடுக்கலாம் எண்டு ஞானோபதேசத்திலை படிச்சனாங்கள்தானே. தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலை எண்டு சொல்லிக் குடுத்தன். அந்தப் பள்ளிக்கூடத்திலை ஒருக்கால் பாத்திருந்தது காணும். இனி ஒருத்தருக்காகவும் பாத்திருக்க மாட்டன்."

"பச்சைத் தண்ணி ஊத்தப் போனவள், நான்தான் விடேல்லை" என்றார் பேபி அக்கா. "சளி பிடிச்சுப்போடும். இளஞ்சூடாக் கலந்து குடுத்தனான். சூடாக்கினால் செல்லாதோ, பஸ்ரியன்?"

"செல்லும் அக்கா" என்றேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் ஒரு வாளித் தண்ணீர் இருந்ததுதானே, நாங்களும் ஊற்றியிருக்கலாம்தானே என்று நினைத்தேன். அன்ரனெற்றும் அதைத்தான் நினைத்தாள். இரண்டு பேரும் நிலத்தில் உட்கார்ந்து அழுதோம். பேபி அக்கா பிள்ளையோடு மேலே போய், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. டொக்டரின் மருந்து என்றுதான் நான் சொல்வேன்.

இனித்தான் சங்கடம். அடுத்த சனிக்கிழமை தேர்வுக்குப் போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று போனேன். வின்சன்ற் ஐயா கையை உயர்த்தினார். எனக்குச் சென்றியும் தெரியவில்லை, இளவாலையும் நினைவு வரவில்லை. ஒரு வயதான மனிதர், உடம்புக்குப் பெரிதான யூனிபோர்மில், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் வாழ்த்தைச் சொன்னார். நான் புதிய மறுமொழியைச் சொன்னேன். அடுத்ததையும் சொன்னேன். அட்டையின் பின்பக்கத்தில் இருந்தவற்றையும் கேளாமலே சொல்லிவிட்டேன்.

கிளடிஸ் அன்ரி எழுந்து கைதட்டினார். வின்சன்ற் ஐயா என்னைக் கட்டிப்பிடித்தார்.

"இது பஸ்ரியன்ர வெற்றி இல்லை. இது குழுவின்ர வெற்றி" என்றார். "அடையாள அட்டை நீட்டின மனுசனை மறுமொழி சொல்ல வைச்சிருக்கிறம். மொன்சின்யோருக்குக் காட்ட இதைவிட என்ன வேணும்? மொன்சின்யோர் வாற அண்டைக்கு, எல்லாருக்கும் முன்னாலை, உங்கட மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான். ஞானத்தாய் கிளடிஸ்."

 ஞானஸ்நானம் ஒருதரம்தான் கொடுக்கலாம். இரண்டாம்தரம் கொடுப்பது தேவநிந்தை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சொன்னால் குழுவின் முகத்தில் கரி. சொல்லாவிட்டால் கடவுளின் முகத்தில். கடவுள் மன்னிப்பார், குழுவைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

அன்ரனெற் ஒரே சொல்லில் முடித்தாள். "இரண்டாம்தரம் ஊத்த விடமாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்."

சொல்லத்தான் போனேன். ஒத்திகைக்கு மேல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சுவாமியாரைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. குழு அவரையும் ஒத்திகையில் நிறுத்தியிருந்தது. வின்சன்ற் ஐயாவின் கையைப் பிடித்து, "ஐயா, ஒரு விஷயம் சொல்ல வேணும்" என்றேன்.

"இப்ப சொல்லாதேங்கோ. நீங்கள் சொல்லுற இடம் எல்லாம் அட்டையிலை இருக்கு" என்றார்.

மாசி ஞாயிறு வந்தது. மொன்சின்யோர் ஒரு வெள்ளைக்காரர், சிரித்த முகம், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. சத்தத்தின் ஒழுங்கை வைத்து மதிப்பிடுவார் என்று குழு அறிவித்திருந்தது. அதனால் மஞ்சள் றிபன்காரரை அன்று வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இடப்பக்கம் முழுதும் காலி. இராசரத்தினம் அண்ணையும் பேபி அக்காவும் மட்டும் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

நாங்கள் பிள்ளையோடு முன்னே நின்றோம். சுவாமியாருக்கு முன்னால் தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் எண்ணெய்க் குப்பி. பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். றோசலின் என்றேன். பிறகு புத்தகத்தைப் பார்த்து, சடங்கில் உள்ள அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் குழந்தைக்காகத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?"

அட்டையில் பதில் இருந்தது. ஞானஸ்நானம். ஒரே சொல். வின்சன்ற் ஐயாவின் உதடுகள் எனக்காக அதை உருவாக்கிக் காட்டின. பக்கத்தில் அன்ரனெற் பிள்ளையை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது.  என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை, சென்றியிலும் இல்லை.

"ஒண்டும் வேண்டாம் சுவாமி" என்றேன். "அவளுக்கு வீட்டிலை கிடைச்சிட்டுது."

 மொன்சின்யோர் புன்னகையோடு குனிந்து, தகப்பன் என்ன சொன்னார் என்று வின்சன்ற் ஐயாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். வின்சன்ற் ஐயா வெளிறிப்போய் நின்றார். ஆனால் கச்சேரியில் முப்பது வருடம் இருந்தவர். தகப்பன் பூரண திருப்தியோடு இருக்கிறார், மேற்கொண்டு கோரிக்கைகள் எதுவும் இல்லை என்கிறார், என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். மொன்சின்யோர் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

சுவாமியார் புத்தகத்தை மூடினார்.

"ஆர் குடுத்தது?"

"நான்" என்றாள் அன்ரனெற்.

"பிள்ளைக்கு வருத்தமோ?"

"ஓம் சுவாமி. காய்ச்சல். சரியாப் பயந்திட்டன்."

"பிதா சுதன் பரிசுத்த ஆவி எண்டு சொன்னனீரோ? தண்ணி ஊத்தினனீரோ?"

"ஊத்தினவள். இளஞ்சூடு" என்று காலியாய்க் கிடந்த இடப்பக்கத்திலிருந்து பேபி அக்காவின் குரல் வந்தது.

வின்சன்ற் ஐயா சுவாமியாரின் காதோரம் குனிந்தார். "சுவாமி, மொன்சின்யோர் பாத்துக்கொண்டிருக்கிறார். சும்மா ஒரு சொட்டு ஊத்திவிடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

 சுவாமியாரும் என்னைப்போலப் பயந்த ஆள்தான். தண்ணீரைப் பார்த்தார், மொன்சின்யோரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு தொட்டியைக் கையால் அப்பால் தள்ளிவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்தார். "தாய் குடுத்தது குடுத்ததுதான். நான் மிச்சத்தைச் செய்யிறன்" என்றார். அவருடைய பெருவிரல் றோசலினின் உச்சியில் எண்ணெய் பூசியபோது அன்ரனெற் விம்மினாள். சனங்கள் எந்த அட்டையையும் பார்க்காமல் ஆமென் சொன்னார்கள்.

பூசை முடிந்து கீழ்மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும். மொன்சின்யோர் ஒழுங்கு மிக நன்று என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. குளிர்கோட்டுகள் தொங்கும் மூலையில் நின்று, எந்த நேரம் கூப்பிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வின்சன்ற் ஐயா என்னை நோக்கி நேரே வந்தார். கோட்டுகளுக்குள் ஒதுங்கினேன். அவரும் கோட்டுகளுக்குள் வந்தார்.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ…"

"உது கிடக்கட்டும்." அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கிளடிஸ் அன்ரி தூரத்தில் தட்டுகள் அடுக்கிக்கொண்டிருந்தார். வின்சன்ற் ஐயாவின் நெற்றி வியர்த்திருந்தது. "என்ர மகள் யூனியன்வில்லிலை இருக்கிறா. பேரனுக்கு இப்ப ஆறு மாசம், இன்னும் ஞானஸ்நானம் இல்லை. மருமகனுக்கு இன்னும் மஞ்சள். எத்தினை தரம் சொல்லிக் குடுத்தாலும் அந்தப் பெடியனுக்குப் பழையதுதான் வருது. நான் போட்ட சட்டம், நானே மீறலாமோ? அவளின்ர தாய் ஒவ்வொரு நாளும் அழுகிறா."

குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது.

"பஸ்ரியன், உங்கட மனுசி வாற சனிக்கிழமை வீட்டிலை நிப்பாவோ?"